இசைக் கேள்வி பதில்: அப்பத்தாவின் தாலாட்டில் கை வைக்கலாமா?

கேள்வி (வாசகி, தேவகோட்டை): எங்கள் அப்பத்தா பாடும் தாலாட்டில் மாமன் சீர், ஐயா கொண்டுவிக்க (கடல் கடந்து வியாபாரம் செய்ய) போன ரங்கூன் எல்லாம் வரும். கைபேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். இசை படிக்கும் தம்பி, “ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருது, யாரும் கேட்க மாட்டாங்க, மெட்டை மாத்தி கீபோர்டு சேர்த்துடலாம்” என்கிறான். செய்யலாமா அம்மா?

பதில்: கீபோர்டு சேர்ப்பது உங்கள் விருப்பம். மெட்டில் மட்டும் கை வைக்க வேண்டாம். தம்பி இசை படிக்கிறவர் என்பதால், வெல்யோ டோர்மிஸ் என்ற எஸ்தோனிய இசையமைப்பாளரைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கள்.

எஸ்தோனியா பால்டிக் கடலோரத்தில் இருக்கும் குட்டி நாடு. மொத்த ஜனத்தொகையே சுமார் 13 லட்சம்தான். டோர்மிஸ் 1930-இல் அங்கே பிறந்தார். அப்பா தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், பாடகர் குழுவும் நடத்தியவர். மகனும் தாலின் நகரில் ஆர்கன்தான் படிக்கப் போனார். சோவியத் ஆட்சியில் அந்த வகுப்பு மூடப்பட்டதால் குழுப்பாடல் பக்கம் திரும்பினார். அப்புறம் 1951 முதல் 1956 வரை மாஸ்கோவில் இசையமைப்புப் படிப்பு.

அவரை உலுக்கியது கினு என்ற தீவு. 1959-இல் அங்கே நடந்த ஒரு கல்யாணத்தில் பழைய சடங்குப் பாட்டுகளைக் கேட்டார். ஏட்டில் படித்த பாட்டு அங்கே உயிரோடு இருந்தது. அந்தப் பாட்டுக்கு ரெகிலவுல் என்று பெயர். வரிக்குச் சுமார் எட்டு அசை. முதல் எழுத்துகள் மோனை போல ஒத்து வரும். சொன்ன சேதியையே அடுத்த வரி வேறு சொல்லில் சொல்லும். மெட்டு நாலைந்து சுரத்துக்குள் அடங்கிவிடும். ஒருத்தி வரியை எடுத்துக் கொடுக்க, அவள் முடிக்கும் முன்பே கடைசி அசையில் மற்றவர்கள் சேர்ந்து அதே வரியை வாங்கிப் பாடுவார்கள். அதனால் மூச்சு விட இடைவெளியே இல்லாமல் பாட்டு ஓடும். முளைப்பாரிக் கும்மி கேட்டு வளர்ந்த நமக்கு எடுத்துக் கொடுப்பதும் வாங்கிப் பாடுவதும் புதிதா என்ன?

உங்கள் தம்பி சொல்லும் குறை இந்தப் பாட்டுக்கும் பொருந்தும்: ஒரே மெட்டு, திரும்பத் திரும்ப. டோர்மிஸ் அந்த மெட்டை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்ததை மாற்றினார். முதலில் ஒற்றைக் குரல், அப்புறம் இரண்டு, அப்புறம் முழுக்குழு. அடியில் ஒரு சுரத்தை ஆண்குரல்கள் பிடித்துக்கொண்டே இருக்க, மேலே மெட்டு நடக்கும். நேரம் போகப் போக அந்தத் திரும்பத் திரும்ப வருவதே நம்மை உள்ளே இழுத்துக்கொள்ளும். ‘நாட்டுப்பாடலை நான் பயன்படுத்தவில்லை, அதுதான் என்னைப் பயன்படுத்திக்கொள்கிறது’ என்று அவர் சொன்னது பிரசித்தம். 500-க்கும் மேற்பட்ட குழுப்பாடல்கள் செய்தவர் சொன்ன பேச்சு இது. எனக்கு அதில் முழுச் சம்மதம்.

1972-இல் செய்த ‘இரும்பின் மேல் சாபம்’ என்ற பாடலைத் தம்பி அவசியம் கேட்கட்டும். ஒரு பொருளின் பிறப்பைச் சொல்லிவிட்டால் அதை அடக்கிவிடலாம் என்பது அந்தப் பக்கத்துப் பழைய நம்பிக்கை. அதனால் இரும்பு எப்படிப் பிறந்தது என்று மந்திரம் போல ஓதி, கடைசியில் இந்தக் காலத்துப் போர் ஆயுதங்கள் வரை வந்து சபிக்கிறார்கள். வாத்தியம் என்று பார்த்தால் ஒரே ஒரு பறைதான். நெஞ்சு அதிரும்.

ஆகவே தம்பி வேலை செய்யட்டும், அப்பத்தாவின் குரலுக்குக் கீழே செய்யட்டும். சுருதிக்கு ஒரு தம்புரா போதும் என்பது என் எண்ணம். ரங்கூன் வரும் வரியைப் பாட்டு நீளம் என்று வெட்டிவிடாதீர்கள், அதில்தான் உங்கள் வீட்டுச் சரித்திரம் இருக்கிறது. திருத்தாத மூலப்பதிவு ஒன்று தனியாக இருக்கட்டும். எந்த ஊர், யாரிடம் கற்றது, எந்தக் குழந்தைக்குப் பாடியது என்பதையும் அப்பத்தாவின் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிந்துவிடுங்கள்.

கேள்வி (வாசகர், காரைக்குடி): பாடுகிறவர்களே இல்லாமல் போன பாட்டை எடுத்துப் பாடி என்ன பயன்?

பதில்: டோர்மிஸ் 1970 முதல் 1989 வரை ‘மறக்கப்பட்ட மக்கள்’ என்று ஆறு பாடல் தொகுதிகள் செய்தார். லிவோனியர், வோட்டியர், இஷோரியர், இங்ரியர், வெப்ஸியர், கரேலியர் என்று எஸ்தோனியருக்கு உறவான சின்னச் சின்ன இனங்களின் பாட்டுகள் அவை. லிவோனியத் தொகுதியில் வசந்த காலத்தில் பறவைகளை எழுப்பும் சடங்குப் பாட்டு ஒன்று உண்டு. அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மூதாட்டி 2013-இல் காலமானார். டோர்மிஸும் 2017-இல் போய்விட்டார். அந்தப் பாட்டை இன்றைக்கும் வெவ்வேறு நாட்டுக் குழுக்கள் லிவோனிய மொழியிலேயே மனப்பாடம் செய்து மேடையில் பாடுகின்றன. நீங்கள் கேட்ட பயன் அதுதான்.