62 சதவீதம்... எதில் 62?

கேள்வி: இரண்டு முறை ஐ.வி.எஃப். பலிக்கவில்லை. கருப்பைத் திசுவைச் சோதித்ததில், அங்குள்ள பாக்டீரியாக்களில் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல வகை 62% மட்டுமே என்று வந்திருக்கிறது. 90% இருக்க வேண்டுமாமே, இதுதான் காரணமா?

பதில்: அந்த எண்ணை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. 90% என்ற கோடு 2016-இல் வெளியான ஒரு சிறிய ஆய்விலிருந்து வந்தது. யோனியோடு ஒப்பிட்டால் கருப்பைக்குள் பாக்டீரியாக்கள் மிக மிகக் குறைவு. திசு எடுக்கும் குழாயோ யோனியையும் கருப்பை வாயையும் தாண்டித்தான் உள்ளே போகிறது. வழியில் ஒட்டிக்கொண்டதும் கணக்கில் சேர்ந்துவிடும். மொத்தம் எவ்வளவு இருந்தது என்பதையும் சதவீதம் சொல்லாது. இதற்கென்று ஆன்டிபயாடிக் சாப்பிடுவதை வழக்கமான சிகிச்சையாக நான் ஏற்க மாட்டேன்.

அதைவிட யோனியைப் பார்ப்பது பயனுள்ளது. லாக்டோபேசிலஸ் அங்கே கிளைகோஜன் சர்க்கரையிலிருந்து லாக்டிக் அமிலம் உண்டாக்கி, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 3.8 முதல் 4.5-க்குள் வைத்திருக்கும் (எண் குறைந்தால் அமிலம் அதிகம்). லாக்டோபேசிலஸ் குறைந்து கார்ட்னரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் பெருகினால், அதுதான் பாக்டீரியல் வஜைனோசிஸ். கருக்குழாய் பாதிப்பால் குழந்தைப்பேறு தள்ளிப்போகும் பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. நான்கு அடையாளங்களில் மூன்று இருந்தால் உறுதி: ஒரே சீரான, நீர்த்த சாம்பல் நிற வெள்ளைப்படுதல்; 4.5-க்கு மேல் பி.எச்.; 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் மீன் வாடை; நுண்ணோக்கியில், பாக்டீரியா அப்பி ஓரம் தெரியாமல் போன செல்கள்.

பி.எச். தாளை யோனியின் பக்கச் சுவரில்தான் தொட வேண்டும். கருப்பை வாயின் சளியோ விந்தோ மாதவிடாய் ரத்தமோ பட்டால் அளவு பொய்யாக ஏறும். 'கெட்டுவிட்டது' என்று வரும் முடிவுகளில் சில இந்தக் கோளாறுதான்!

உறுதியானால் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் 500 மி.கி., தினம் இரு வேளை, 7 நாள் என்பது வழக்கமான முறை. மருத்துவர் எழுதித்தர வேண்டும். வாடை போனதும் மூன்றாம் நாளே நிறுத்திவிடாதீர்கள்.

ஐ.வி.எஃப். மீண்டும் மீண்டும் தோற்றால், கருப்பை உட்சுவரில் நாள்பட்ட அழற்சி உண்டா என்று திசுவில் சி.டி.138 என்ற சாயமிட்டு, அழற்சியைக் காட்டும் பிளாஸ்மா செல்களைத் தேடலாமா என உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பாக்டீரியா சதவீதத்தைவிட அது தெளிவான கேள்வி.

கேள்வி: சிகிச்சைக்குப் பிறகும் பாக்டீரியல் வஜைனோசிஸ் திரும்பத் திரும்ப வருகிறது. நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரை உதவுமா?

பதில்: குடலுக்கென்று விற்பவற்றில் பெரும்பாலும் லாக்டோபேசிலஸ் கிறிஸ்பேட்டஸ் இருப்பதில்லை, யோனிக்குத் தேவை அந்த இனம்தான். 2020-இல் அதையே மெட்ரோனிடசோலுக்குப் பிறகு யோனியில் வைத்துப் பார்த்தார்கள். 12 வாரத்தில் மீண்டும் வந்தவர்கள் 30%. ஒப்பீட்டுக்காக, அந்த பாக்டீரியா இல்லாத போலியைப் பெற்றவர்களில் 45%. குறைகிறது, நிற்கவில்லை.

நிலையான துணை ஒருவர் இருந்தால், கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை தருவது பற்றிக் கேளுங்கள். 2025-இல் வந்த ஒரு ஆய்வில் ஆண்களுக்கு 7 நாள் மாத்திரையும் ஆணுறுப்பில் பூச கிளிண்டாமைசின் களிம்பும் தந்தபோது, 12 வாரத்துக்குள் திரும்புவது 63%-லிருந்து 35%-ஆகக் குறைந்தது. உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பழக்கம் இருந்தால், அதை இன்றே விட்டுவிடுங்கள்.