சவ்வுப் புரதம்: தூண்டியவுடன் வளர்ச்சி நின்றுவிட்டால்?

கேள்வி: செல்சவ்வை ஊடுருவும் 12 சுருள்கள் கொண்ட ஒரு பாக்டீரியக் கடத்திப் புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவின் பிஎல்21(டிஇ3) வகையில், 37 பாகை செல்சியஸில், புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜியை 1 மில்லிமோலார் சேர்த்து உற்பத்தி செய்கிறேன். சற்று நேரத்தில் வளர்ச்சி நின்றுவிடுகிறது. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் அதன் பட்டையும் தெரியவில்லை. ஐபிடிஜியைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். முதலில், பட்டை உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள். மாதிரியைக் கொதிக்க வைத்தால் சவ்வுப் புரதங்கள் திரண்டு ஜெல்லின் கிணற்றிலேயே தங்கிவிடக்கூடும். ஆகவே கொதிக்க வைக்காமல் 37 பாகையில் சிறிது நேரம் வைத்து ஏற்றுங்கள். இத்தகைய புரதங்கள் தம் எடைக்குரிய இடத்தைவிடக் கீழே ஓடுவதும் இயல்பு.

வளர்ச்சி நிற்பதற்கான காரணம் வேறு. இந்த வகையிலுள்ள டி7 ஆர்என்ஏ பாலிமரேஸ் (மரபணுவைப் படித்து ஆர்என்ஏ உருவாக்கும் நொதி), பாக்டீரியாவின் சொந்தப் பாலிமரேஸைவிடப் பல மடங்கு விரைவானது. ஆனால் புரதத்தை உட்சவ்வில் பொருத்தும் செக் வாயில்கள் அளவோடுதான் உள்ளன. செல்லின் சுவாசத்துக்குத் தேவையான சவ்வுப் புரதங்களும் அவற்றையே நம்பியிருப்பதால், உங்கள் புரதம் வாயிலை அடைத்துக்கொள்ளும்போது அவையும் சைட்டோபிளாசத்தில் தேங்கித் திரள்கின்றன. புரூனோ மிரூவும் ஜான் வாக்கரும் 1996இல் இந்த நச்சுத்தன்மையைத் தாங்கிய செல்களைத் தேர்ந்தெடுத்து சி41, சி43 வகைகளை உருவாக்கினர். அவற்றின் இரகசியம் 2008இல்தான் தெளிவானது: பாலிமரேஸை இயக்கும் லாக்யூவி5 முன்னியக்கி என்ற டிஎன்ஏ பகுதியில் ஏற்பட்ட மாற்றங்களால் பாலிமரேஸின் அளவு குறைந்திருந்தது. தாங்கும் திறன் என்று கருதப்பட்டது, பெரும்பாலும் வேகக் குறைப்பே.

எனவே சி43ஐயோ, லெமோ21ஐயோ பயன்படுத்துங்கள். என் தெரிவு லெமோ21; ஏனெனில் அதில் பாலிமரேஸைத் தடுக்கும் டி7 லைசோசைமின் அளவை ராம்னோஸ் என்ற சர்க்கரையைக் கொண்டு படிப்படியாக மாற்றலாம். ஐபிடிஜியை 0.4 மில்லிமோலாரில் நிறுத்தி, ராம்னோஸை 0 முதல் 2 மில்லிமோலார் வரை வெவ்வேறு குடுவைகளில் மாற்றி, வெப்பநிலையை 25 அல்லது 30 பாகைக்கு இறக்குங்கள்.

எந்தக் குடுவை சிறந்தது என்பதை மொத்தப் புரத அளவு சொல்லாது. புரதத்தின் சி-முனையில் (சங்கிலியின் இறுதி முனை) ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிர் புரதத்தை இணைத்தால், புரதம் சவ்வில் சரியாக அமர்ந்தால் ஒளிரும், திரண்டால் பெரும்பாலும் ஒளிராது. இதற்கு சி-முனை சைட்டோபிளாசத்தின் பக்கம் இருக்க வேண்டும். 12 சுருள் கடத்திகள் பெரும்பாலானவற்றில் அப்படித்தான் இருக்கிறது.

ஒளிர்வு கிடைத்ததும் சவ்வைப் பிரித்தெடுத்து, டிடிஎம் சலவைப்பொருளில் கரைத்து, அளவுப் பிரிப்புக் குரோமட்டோகிராஃபியில் ஓட்டுங்கள். புரதம் திரளாமல் சீராக இருப்பதைக் காட்டும் ஒற்றைக் கூர்முகடு வந்தால் பெரிய அளவில் தொடங்கலாம். எல்லாக் குடுவைகளிலும் திரள் முகடே வந்தால், வேறு சலவைப்பொருளை ஒருமுறை முயன்றபின், அதே குடும்பப் புரதத்தை வேறொரு பாக்டீரியத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.