100 லிட்டர் பெட்டி 58 லிட்டர் ஆகும் கதை: டிக்கிக்கு ஏற்ற போர்ட் சப்வூஃபர் பெட்டி

கேள்வி: என்னுடையது ஹேட்ச்பேக் கார். தாழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர், அதாவது 12 இன்ச் சப்வூஃபர் ஒன்று வாங்கியிருக்கிறேன். கூடவே வந்த தாளில் போர்ட் (காற்று போய்வரும் திறந்த வழி) உள்ள பெட்டிக்கு 57 லிட்டர், டியூனிங் 34 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. டிக்கியில் 75 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் வரை பெட்டி வைக்கலாம். பின்சீட் சாய்ந்திருப்பதால் ஆழம் தரையில் 42, மேலே 32 செ.மீ. பெருக்கிப் பார்த்தால் 100 லிட்டர் வருகிறது. அப்படியானால் அகலத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு மீதி இடத்தில் சாமான் வைக்கலாம் அல்லவா? போர்ட் நீளத்தை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: சாமானுக்கு இடம் கிடைக்காது. அந்த 100 லிட்டர் முழுவதும் உங்களுக்குத் தேவைப்படும். எங்கே போகிறது என்று பார்ப்போம்.

நீங்கள் பெருக்கியது வெளி அளவு. தாளில் உள்ள 57 லிட்டர், எல்லாம் கழிந்தபின் மிஞ்சும் வெறும் காற்றின் அளவு. 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை என்றால் ஒவ்வொரு திசையிலும் 3.6 செ.மீ. போய்விடும். அகலம் 71.4, உயரம் 32.4 ஆகிறது. சாய்வுக்குத் தனிக் கணக்கு எதுவும் வேண்டாம். 42, 32 இரண்டுக்கும் சராசரி 37, அதில் பலகை போக 33.4. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 77 லிட்டர். பலகை மட்டுமே 23 லிட்டரைத் தின்றுவிட்டது. இன்னும் ஸ்பீக்கரின் காந்தமும் கூடையும் (அதைத் தாங்கும் உலோகச் சட்டம்) சுமார் 3 லிட்டர், உள்ளே கொடுக்கும் குறுக்குச் சட்டங்கள் 2 லிட்டர். அப்புறம்தான் பெரிய ஆள் வருகிறார்: போர்ட்.

போர்ட் வெறும் ஓட்டை இல்லை. வாய் குறுகிய பாட்டிலில் ஊதினால் 'பூம்' என்று ஒரே சுருதியில் ஒலி வரும் இல்லையா, அதே வேலைதான் இங்கேயும். பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங் மாதிரி, போர்ட்டுக்குள் இருக்கும் காற்று அதில் தொங்கும் எடை மாதிரி. எடை கூடினால், அதாவது போர்ட் நீண்டால், சுருதி இறங்கும். டியூனிங் என்பது இந்தச் சுருதிதான்.

நீளத்தைவிட முதலில் போர்ட் வாயின் பரப்பை முடிவு செய்யுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். 10 செ.மீ. உள்விட்டமுள்ள குழாய் ஒன்றைச் செருகினால் 28 செ.மீ. நீளமே போதும், இடமும் மிச்சம். ஆனால் ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் ஆடும் 12 இன்ச் கூம்பு தள்ளும் காற்று முழுவதும் அந்தச் சின்ன வாய் வழியே வெளியேற வேண்டும். சத்தத்தைக் கூட்டியதும் பேஸோடு சேர்ந்து 'புஸ் புஸ்' என்று காற்றுச் சீற்றம் கேட்கும். காற்றின் வேகம் நொடிக்கு 17 மீட்டருக்குள் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை என்பது இந்தத் தொழிலில் பழகிய கணக்கு. 57 லிட்டர் பெட்டிக்கு 155 முதல் 205 சதுர செ.மீ. வரை வைப்பது வழக்கம். உங்கள் பெட்டியில் உட்புற உயரம் முழுவதற்கும், 5 செ.மீ. அகலத்தில், பக்கச் சுவரை ஒட்டி ஒரு பிளவு விட்டால் 162 சதுர செ.மீ. கிடைக்கும். அதையே எடுத்துக்கொள்வோம்.

இப்போது நீளம். 30,000-ஐப் போர்ட் பரப்பால் பெருக்குங்கள். டியூனிங்கை அதனாலேயே பெருக்கி, பிறகு லிட்டரால் பெருக்கி, வரும் எண்ணால் வகுங்கள். கிடைத்த விடையில் பரப்பின் வர்க்கமூலத்தை 0.83-ஆல் பெருக்கிக் கழியுங்கள். போர்ட்டின் இரண்டு முனைகளையும் தாண்டிக் கொஞ்சம் காற்று சேர்ந்தே அசைவதால்தான் இந்தக் கழிவு. 162 சதுர செ.மீ., 34 ஹெர்ட்ஸ், 58 லிட்டர் என்று போட்டால் 72.5-இலிருந்து 10.6 போக, ஏறத்தாழ 62 செ.மீ.

58 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். போர்ட் நீளம் தெரிந்தால்தான் மிஞ்சும் லிட்டர் தெரியும். லிட்டர் தெரிந்தால்தான் நீளம் தெரியும். ஒரு தோராயத்தில் தொடங்கி இரண்டு மூன்று முறை சுற்றி வந்தால் எண்கள் நின்றுவிடும். 62 செ.மீ. போர்ட்டுக்குள் இருக்கும் காற்று 10 லிட்டர், அதன் பலகை மூன்றரை லிட்டருக்குச் சற்று மேல். 77-இலிருந்து இவற்றையும் முன் சொன்ன 5 லிட்டரையும் கழித்தால் 58 சொச்சம். 57-க்கும் 58-க்கும் காதுக்கு வித்தியாசம் தெரியாது.

உள் ஆழம் 33 செ.மீ. இருக்க, 62 செ.மீ. போர்ட் நேராக நிற்காது. எல் வடிவில் மடக்க வேண்டும். பக்கச் சுவரை ஒட்டிப் பின்னே போய், சீட் பக்கத்துச் சாய்ந்த சுவரை ஒட்டித் திரும்பட்டும். இரண்டாவது பலகையையும் அதே சாய்வில் நிறுத்தினால்தான் 5 செ.மீ. இடைவெளி மேலும் கீழும் மாறாது. நீளத்தைப் பாதி உயரத்தில், வழியின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். முன்பலகையின் வெளிமுகத்திலிருந்து திருப்பத்தின் நடுவரை 32.7, மீதி 29.3. ஸ்பீக்கருக்குப் பின்னால் 26 செ.மீ.க்கு மேல் இடம் இருக்கும். போர்ட் உள்ளே முடியும் இடத்திலும், வெளியே வாய்க்கு எதிரிலும், குறைந்தது 5 செ.மீ. காலியாக விடுங்கள். டிக்கிக் கதவு வாயை அடைத்தால் டியூனிங் இறங்கிவிடும்.

என் அனுபவத்தில், சுவரை ஒட்டிய பிளவுப் போர்ட் கணக்கைவிடச் சற்றுத் தாழ்ந்தே டியூன் ஆகும். அதனால் கடைசிப் பலகையை 3 செ.மீ. குறைத்தே வெட்டுங்கள். பெட்டி முடிந்தபின், கேட்ட ஹெர்ட்ஸில் ஒலி எழுப்பும் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியில் 45 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டே கூம்பைப் பாருங்கள். எங்கே அதன் ஆட்டம் மிகக் குறைவாகி, போர்ட்டில் காற்று மிக வேகமாக வருகிறதோ, அதுதான் உண்மையான டியூனிங். 36 என்று வந்தால் ஸ்பீக்கர் ஓட்டை வழியே கையை விட்டு ஒரு துண்டு ஒட்டி நீட்டலாம். நீண்டதைக் குறைப்பதுதான் நரகம்.

இன்னும் கீழே, 28-க்கு டியூன் செய்யட்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். மூடிய கார் அறையே 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். போர்ட்டும் இன்னும் நீண்டு பெட்டியைத் தின்னும்.

டியூனிங்குக்குக் கீழே போனதும் கூம்பைப் பிடித்து நிறுத்த உள்ளே காற்றழுத்தம் இருக்காது. அது கட்டுப்பாடில்லாமல் ஆடிக் கிழியும். ஆம்ப்ளிஃபையரில் உள்ள, மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் சப்சோனிக் ஃபில்டரை 28-30 ஹெர்ட்ஸில் வைக்காமல் சத்தத்தைக் கூட்டாதீர்கள்.

பலகை வேலையில் சொல்ல அதிகம் இல்லை. மூட்டுகளில் மரப்பசையும் ஸ்க்ரூவும், உள் மூலைகளில் சீலன்ட், போர்ட் வாயின் விளிம்புகளை உருட்டி இழைத்தல், அவ்வளவுதான். வெட்டுவதற்கு முன் அட்டைப்பெட்டியை அதே அளவில் செய்து டிக்கிக்குள் நுழைத்துப் பாருங்கள். உள்ளே இடமிருந்தும் டிக்கி வாய் வழியே நுழையாத பெட்டி ஒன்றை நானே செய்திருக்கிறேன். கடைசியில் பின்கதவு வழியாக, சீட்டைக் கழற்றி ஏற்றினேன். ஸ்பீக்கரோடு சேர்த்து எடை 30 கிலோவை நெருங்கும். திடீர் பிரேக்கில் அது முன்னால் பாயும். தரையில் உள்ள கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்குங்கள்.

சாமான் இடம் கட்டாயம் வேண்டும் என்றால் இந்தப் பெட்டியை நசுக்கப் பார்க்காதீர்கள். அதே தாளில் போர்ட் இல்லாத மூடிய பெட்டிக்கும் ஓர் அளவு இருக்கிறதா பாருங்கள். வழக்கமாக அது 30 லிட்டரை ஒட்டியே இருக்கும், போர்ட் தின்னும் இடமும் மிச்சம். 34 ஹெர்ட்ஸைச் சுற்றி அதிர்வு சற்றுக் குறையும், அகலம் ஏறத்தாழப் பாதியாகும்.