கயிறு திரிக்கும் கை

அன்பின் ஐயா,

மூதூரில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். கதை சொல்வது தொடர்பான ஆங்கிலச் சொற்களையும் தொடர்களையும் தொகுத்துச் சாதாரணதர வகுப்புக்குக் கொடுத்தேன். நீட்டி முழக்கிக் கதை விடுவதைக் குறிக்கும் ‘ஸ்பின் எ யார்ன்’ என்பதற்கு ‘நூல் நூற்றல்’ என்று கரும்பலகையில் எழுதியதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ‘ப்ளொட்’ என்பதற்குக் ‘கதைக்கரு’ என்று எழுதினேன். அதற்கும் மனம் ஒப்பவில்லை. ஸ்டோரி, டேல், யார்ன், நரேட்டிவ் என்று அவர்களுக்கு எத்தனை சொற்கள்! நமக்கு எல்லாமே ‘கதை’தான். கதை சொல்வதைப் பற்றிப் பேசத் தமிழில் சொற்கள் போதாதா?

ஓர் ஆசிரியை, மூதூர்

அன்பின் ஆசிரியைக்கு,

நீங்கள் எழுதியது பாதி சரி. ‘நூற்றல்’ என்ற இடத்தில் ‘கயிறு திரித்தல்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே விளங்கிக்கொண்டிருப்பார்கள்.

என் அம்மாவின் அப்பா திருக்கடலூரில் கரைவலைக்காரர். மீன்பாடு இல்லாத நாட்களில் கரையிலுள்ள மீன்வாடியின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து தும்புக் கயிறு திரிப்பார். இடது கையில் ஊறவைத்த தும்பு. வலது உள்ளங்கையால் அதைத் தொடையில் வைத்து ஒரே தள்ளாக உருட்டுவார். ஒரு சாண் கயிறு முறுக்கேறும். தும்பு முடியப்போகிற இடத்தில் அடுத்த பிடியைச் சொருகி மறுபடி உருட்டுவார். கை அந்த வேலையைத் தானாகச் செய்துகொண்டிருக்க, வாய் சும்மா இருக்காது. கொட்டியாரக் குடாவில் தோணியைச் சுற்றி வந்த சுறா ஒவ்வொரு முறையும் ஒரு முழம் வளரும். அந்த வழியாகப் போகிற அம்மம்மா நின்று பார்த்து, “என்ன, இண்டைக்கும் கயிறு திரிப்புத்தானோ?” என்பார். எதைச் சொல்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இரண்டையும்தான் சொல்லியிருக்கிறார்.

ஆங்கிலேய மாலுமிகளின் ‘யார்ன்’ இதே வேலையோடு பிறந்தது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். பாய்க்கப்பல் காலத்தில் பழைய வடங்களைப் பிரித்து, இழைகளை எடுத்து, மீண்டும் முறுக்கிச் சிறுகயிறாக்குவது கப்பலில் ஓயாத வேலை. மணிக்கணக்காகக் கை அசைய வேண்டும், வாய்க்கு வேலை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தத் தொடர் எழுத்தில் பதிவாகிவிட்டது. 1795இல் திருகோணமலையைப் பிடித்த பிரித்தானியர் 1957 வரை இங்கே கடற்படைத் தளம் வைத்திருந்தார்கள். நமது துறைமுகத்தில் நின்ற கப்பல்களின் மேல்தளத்திலும் அந்தக் கயிறு முறுக்கப்பட்டிருக்கும். கரையில் நம்மவர் ஒரு கயிறு, கப்பலில் அவர்கள் ஒரு கயிறு. ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்காமலே இரண்டு மொழியும் ஒரே தொழிலிலிருந்து ஒரே சொல்லை எடுத்திருப்பதாக நான் நம்புகிறேன்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ‘கயிறு திரிக்கிறான்’, ‘சரடு விடுகிறான்’ என்றால் பொய் சொல்கிறான் என்ற குற்றச்சாட்டு அதில் இருக்கிறது. ‘யார்ன்’ அப்படியல்ல. சுறா வளர்வது கேட்பவனுக்கும் தெரியும், வளரட்டும் என்று அவனும் சம்மதித்துத்தான் உட்கார்ந்திருக்கிறான்.

‘டேல்’ என்ற சொல் எனக்கு இன்னும் பிடித்தது. அது ‘டெல்’ என்பதன் உறவு. பழைய ஆங்கிலத்தில் ‘டெல்’ என்றால் எண்ணுவதும்தான். அதனால்தான் வங்கியில் காசு எண்ணித் தருபவர் ‘டெல்லர்’. நமது கோட்டையில் ஆங்கிலேயருக்கு முன் இருந்த ஒல்லாந்தரின் மொழியிலும் ‘டெலன்’ என்றால் எண்ணுதல், ‘ஃபெர்டெலன்’ என்றால் கதை சொல்லுதல். அவர்கள் கதையை எண்ணினார்கள். நாம்? ‘நல்லா அளக்கிறான்’ என்கிறோமே, நாம் அளந்தோம். நெல் விளைகிற ஊர்க்காரருக்கு அளப்பதுதானே வரும்.

ப்ளொட்டுக்கு வருகிறேன். கதைக்கரு என்பது கதை எதிலிருந்து முளைத்ததோ அது. ப்ளொட் என்பது நிகழ்ச்சிகளை ஒன்றோடொன்று கோக்கும் விதம், அதற்குக் ‘கதைப்பின்னல்’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ப்ளொட் முதலில் காணித்துண்டு, பிறகு அதன் வரைபடம், பிறகு திட்டம், கடைசியில்தான் கதையின் திட்டம். அவர்கள் நிலத்தை அளந்து வேலி போட்டார்கள், நாம் தலைமயிரைப் பின்னினோம். இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் வரைந்துவிடுங்கள், விளக்கமே வேண்டாம். ஆபத்தான கட்டத்தில் கதையை நிறுத்திவைக்கும் ‘க்ளிஃப்ஹேங்கர்’, 1930களில் அமெரிக்கத் தொடர்படங்களோடு பரவிய சொல். திருகோணமலைச் சுவாமி மலை விளிம்பில் நின்று ‘இராவணன் வெட்டு’ என்ற மலைப்பிளவை எட்டிப் பார்த்த பிள்ளைக்கு அது சட்டென்று புரியும். தமிழில் வாரப் பத்திரிகையின் ‘தொடரும்’ போதும்.

நூலுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் பிழையில் ஓர் உண்மை இருந்தது. ஆங்கிலத்தின் ‘டெக்ஸ்ட்’, நெய்தல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நமக்கோ நூல் என்றாலே இழையும் புத்தகமும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இந்த உவமையை முழுதாக விரித்திருக்கிறார்: சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கிறவள், வாய் கை, அறிவு கதிர். கதிர் என்றால் இராட்டையின் கதிர். இவ்வளவு கிட்ட நின்று ஒரு தொழிலைப் பார்த்தவர்களின் மொழியைப் பார்த்துச் ‘சொல் போதாதா’ என்று கேட்டுவிட்டீர்களே என்று கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

எல்லாமே ‘கதை’ என்பதும் வறுமையல்ல. இந்தியத் தமிழர் பேசுகிற இடத்தில் நாம் கதைக்கிறோம். ‘ஒரு கதை கதைக்க வேணும்’ என்று ஒருவர் வீட்டுப் படலையில் வந்து நின்றால், அது காணிப் பிரச்சினையாகவும் இருக்கலாம், கல்யாணப் பேச்சாகவும் இருக்கலாம். பேச்சையும் கதையையும் பிரிக்காமல் வைத்திருக்கிற வழக்கு இது. அதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், வகுப்பு முழுவதும் திணறும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். அவர்களின் ‘வன்ஸ் அப்போன் எ டைம்’ காலத்தில் தொடங்குகிறது. நமது வாய்க்கதை ‘ஒரு ஊரிலை ஒரு ராசா’ என்று இடத்தில் தொடங்குகிறது. அந்த வரியைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். யாராவது ஒரு பிள்ளை ‘ம்’ என்று சொல்லும். அந்த ‘ம் கொட்டுதல்’ என்பதற்கு ஆங்கிலச் சொல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நான் தேடியவரை ஒன்றும் அகப்படவில்லை. கேட்பவருக்கென்றே தமிழ் வைத்திருக்கிற சொல் அது.

வாடியின் நிழலில் அந்த ‘ம்’ என் வேலை. வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் கண் சொருகி நான் கொட்டாமல் விட்டால், தொடையில் உருண்டுகொண்டிருந்த கை நின்றுவிடும். கயிறு நின்ற சத்தத்தில்தான் நான் விழித்துக்கொள்வேன். “ம்” என்பேன். அப்பப்பா அடுத்த பிடி தும்பைச் சொருகுவது போல, விட்ட இடத்திலிருந்து சுறாவைக் கூட்டி வருவார். அவரை நான் அப்பப்பா என்றுதான் கூப்பிட்டேன், முறைக்கு அம்மப்பாவாக இருந்தாலும்.