ஏஐ வகுப்புக்குப் பணம் கட்டும் முன், தோட்டத்து மோட்டாரைக் கேளுங்கள்

மகளை ஏஐ சான்றிதழ் வகுப்பில் சேர்க்கலாமா என்று பாலக்கோட்டிலிருந்து கேட்டிருக்கும் அப்பாவுக்கு: மகள் இசிஇ மூன்றாம் ஆண்டு என்கிறீர்கள். அந்த வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். ஒரு லேப்டாப், ஒரு செல்போன், உங்கள் போர்வெல் போதும். எட்டு வாரத்தில் ஒரு வேலையை முழுசாக முடிக்கட்டும்.

தண்ணீர் இறங்கி மோட்டார் ஏர் வாங்கும்போது டெலிவரி பைப் விட்டுவிட்டுப் புஸ் புஸ்ஸென்று கொட்டுமே, அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்து, லேப்டாப்பின் டெர்மினலில் (எழுத்து மட்டும் வரும் கட்டளைத் திரை) ஓடும் நிரல் நேரத்தோடு சொல்ல வேண்டும். அந்த நிரலை மகள் எழுதட்டும். ஆலைகளில் பம்ப், ஃபேன் பழுதைச் சத்தத்தில் பிடிப்பதும் இது மாதிரி வேலைதான்.

பைப்பிலிருந்து இரண்டடி தள்ளி, தினமும் ஒரே இடத்தில் போனை வைத்துப் பதிய வேண்டும். போனில் நாய்ஸ் சப்ரஷன் (இரைச்சல் நீக்கும் வசதி) இருந்தால் அணைத்துவிடச் சொல்லுங்கள். சீராக ஓடும் மோட்டார் சத்தத்தை அது இரைச்சலென்று தின்றுவிடும். பதிவுக்காக வேண்டுமென்றே ஏர் வாங்க விடாதீர்கள், மோட்டார் கருகிவிடும்.

பதிவை எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் கொண்டு ஒற்றைச் சேனல், 16,000 ஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் (WAV) கோப்பு ஆக்க வேண்டும். மணிக்கு சுமார் 115 எம்பி வரும். ஒலிகளை வகை பிரிக்கக் கூகுள் உருவாக்கிய ஏஐ மாடல் யாம்நெட். அது அந்தக் கோப்பை 0.96 விநாடித் துண்டுகளாக, 0.48 விநாடி நகர்த்தி நகர்த்திக் கேட்டு, 521 வகை ஒலிகளுக்கு மதிப்பெண் போடும். 'ஏர் வாங்குது' என்றொரு வகை அதில் இல்லை. எனவே மதிப்பெண்ணை விட்டுவிட்டு, துண்டுக்கு 1,024 எண்களாக வரும் எம்பெட்டிங்கை (அந்த ஒலியின் சாரம்) எடுத்து, அதன்மேல் 'ஏர்', 'சரி' என்று இரண்டாகப் பிரிக்கும் எளிய கணக்குமுறையான லாஜிஸ்டிக் ரெக்ரஷன் ஓட்டினால் போதும். தொடர்ந்து மூன்று துண்டு 'ஏர்' என்றால் மட்டும் நிரல் நேரத்தை சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பில் எழுதட்டும்.

சறுக்கும் இடங்கள் மூன்று. வேவ் கோப்பின் 16 பிட் எண்களை 32,768ஆல் வகுத்து -1க்கும் 1க்கும் இடையில் கொண்டுவராமல் யாம்நெட்டுக்குக் கொடுத்தால் விடை தாறுமாறாகும். பிழைச் செய்தி வராது என்பதால் கண்டுபிடிக்கவே நாளாகும். ஒரே நாள் பதிவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால் பொய்யாக நல்ல மார்க் வரும். நாள் வாரியாகத்தான் பிரிக்க வேண்டும். நூறு நிமிடத்தில் ஏர் வாங்குவது மூன்று நிமிடம்தான் என்றால், எப்போதும் 'சரியாக ஓடுது' என்று சொல்லும் நிரலுக்கும் 97 சதவீதம் கிடைக்கும். நேர்காணலில் அந்த 97ஐச் சொன்னால் அங்கேயே மாட்டிக்கொள்வாள். எத்தனை ஏரைத் தவறவிட்டது, எத்தனை முறை பொய்யாகக் கத்தியது என்ற இரண்டு கணக்கும் கையில் இருக்கட்டும்.

பதிவில் எந்த இடம் ஏர், எது இல்லை என்று முதலில் லேபிள் போட்டுத்தான் நிரலுக்குப் பயிற்சி கொடுக்க முடியும். அதற்கு ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருள் இலவசம். லேபிள் போடும்போது மட்டும் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். எது ஏர், எது வால்வு திருப்பிய சத்தம் என்று அவளைவிட உங்கள் காதுக்குத்தான் தெரியும்.