லைட் எரிந்தால் ரெண்டர் வேகமாகாது: மதர்போர்டு கேள்வி பதில்

வட சென்னை தண்டையார்பேட்டையில் பரோட்டா கடைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் நடுவே எட்டுக்குப் பத்தில் ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பதினாறு வருடமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் ரிப்பேர் பார்ப்பதும்தான் பிழைப்பு. குறைந்த பட்ஜெட்டில் கேமும் ஆட வேண்டும், வீடியோவும் எடிட் செய்ய வேண்டும், எந்த மதர்போர்டு (ப்ராசசர், ராம் எல்லாம் செருகும் அடித்தட்டு) வாங்கலாம் என்று அக்கம்பக்கத்தில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

வியாசர்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, மொத்தம் அறுபதாயிரம் வைத்திருக்கிறேன். "போர்டுதான் அஸ்திவாரம், அதில் கஞ்சத்தனம் பண்ணாதே" என்று சீனியர் சொல்கிறார். எவ்வளவு ஒதுக்கலாம்?

அஸ்திவாரம் என்பது சரிதான் தம்பி. ஆனால் ஒரு மாடி வீட்டுக்கு யாரும் பத்து மாடிக்கான குழி தோண்டுவதில்லை. அதே ப்ராசசர், அதே ராம், அதே கிராபிக்ஸ் கார்டை ஒரு சாதாரண பி550 போர்டில் (பி550 என்பது போர்டில் இருக்கும் சிப்செட், அதாவது மற்ற பாகங்களை இணைக்கும் சில்லின் பெயர்) போட்டு ஓட்டுங்கள். மூன்று மடங்கு விலையுள்ள போர்டிலும் போட்டு ஓட்டுங்கள். கேமில் ஃப்ரேம் கணக்கு (நொடிக்கு எத்தனை படம்) ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். போர்டு தானாக வேகம் தராது. மற்ற பாகங்கள் தருகிற வேகத்துக்குக் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு, எடிட்டிங் அதிகம் என்றால் அதற்குக் கொஞ்சம் மேலே. இது என் கணக்கு. அதற்கு மேல் போகிற பணத்தை கிராபிக்ஸ் கார்டிலோ, 16 ஜிபிக்குப் பதில் 32 ஜிபி ராமிலோ போட்டால் கண்ணுக்குத் தெரிந்து பலன் வரும்.

கொருக்குப்பேட்டை, கல்யாண வீடியோ எடிட் செய்பவர்: முகூர்த்த மாதத்தில் ராத்திரி எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுத்தான் படுப்பேன். ஏ520, எச்610 மாதிரி விலை குறைந்த போர்டே போதும் என்கிறார்கள். போதுமா?

வேலையைப் பொறுத்தது. கேமில் ப்ராசசருக்கு வேலை ஏறும், இறங்கும். மெனுவுக்கு வந்தால் மூச்சு விட்டுக்கொள்ளும். எக்ஸ்போர்ட் அப்படியில்லை. ப்ராசசரே ரெண்டர் செய்தால் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கினால்) அதற்குள் வேலை செய்யும் எல்லா கோரும் முழுவேகத்தில், இரண்டு மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஓடும். அப்போது அடிவாங்குவது விஆர்எம்.

எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டில் இருக்கும் பவர் சப்ளை) அனுப்புவது 12 வோல்ட். ப்ராசசருக்கு வேண்டியது ஒன்றோ, ஒன்றேகாலோ வோல்ட். இதை இறக்கிக் கொடுப்பதுதான் விஆர்எம். ப்ராசசர் உட்காரும் சாக்கெட்டைச் சுற்றி சாம்பல் நிறத்தில் சதுரக் கட்டிகள் வரிசையாக நிற்கும் பாருங்கள், அவையும் அவற்றை ஒட்டியுள்ள கருப்புச் சில்லுகளும். விலை குறைந்த போர்டுகளில் இந்தச் சில்லுகள் மேல் ஒன்றும் இருக்காது, மொட்டையாக நிற்கும். கொஞ்சம் மேலே போனால் அலுமினிய ஹீட்சிங்க் வைத்திருப்பார்கள்.

போன வருடம் ஒருவர் எட்டு கோர் ப்ராசசரை மொட்டை விஆர்எம் போர்டில் போட்டுக் கொண்டுவந்தார். பத்து நிமிடம் நன்றாக ரெண்டர் ஆகிறது, அப்புறம் மாட்டு வண்டி மாதிரி நகர்கிறது என்று புகார். சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். ப்ராசசர் சூடு 70 டிகிரிகூட இல்லை, ஆனால் கிளாக் (அது ஓடும் வேகம்) பாதிக்குக் கீழே விழுந்துவிட்டது. கேபினெட் கதவைக் கழற்றி, கடையில் இருந்த டேபிள் ஃபேனை விஆர்எம் பக்கம் திருப்பினேன். இரண்டு நிமிடத்தில் கிளாக் பழையபடி ஏறியது. ப்ராசசரில் குறையே இல்லை. அதற்குத் தீனி போடுகிறவர் களைத்துப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

அதனால் ரைசன் 5 5600, ஐ5-12400 மாதிரி 65 வாட் வகை ஆறு கோர் ப்ராசசர் என்றால் ஏ520, எச்610 தாங்கும். எட்டு கோருக்குப் போகும் எண்ணம் இருந்தால், உங்கள் மாதிரி ராத்திரி முழுக்க ஓட்டுவதாக இருந்தால், ஹீட்சிங்க் வைத்த பி550 அல்லது பி760 எடுங்கள். எச்610இல் இன்னொரு சிக்கலும் உண்டு. ராம் ஸ்லாட் இரண்டே இரண்டு, எம்.2 (எஸ்எஸ்டி செருகும் இடம்) வேகமும் பெரும்பாலும் பிசிஐஇ 3.0 என்ற பழைய தலைமுறைப் பாதையின் அளவோடு நின்றுவிடும். இரண்டு 8 ஜிபி போட்டுவிட்டால் பிறகு 32 ஆக்கும்போது பழைய இரண்டையும் கழற்றி விற்க வேண்டியதுதான்.

பெரம்பூர்: டிடிஆர்4 ராம் செத்துப்போச்சு, டிடிஆர்5 போர்டுதான் வாங்க வேண்டும் என்கிறார்களே?

சாகவில்லை. ஏஎம்டியில் ஏஎம்4 சாக்கெட் என்றால் டிடிஆர்4 மட்டும். 2022இல் வந்த ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைக்கான எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டுகளில் இரண்டு வகையும் உண்டு, ஆனால் ஒரு போர்டில் பெரும்பாலும் ஒன்றுதான். ராமில் வெட்டு இருக்கும் இடமே வேறு என்பதால் மாற்றிச் செருகவும் முடியாது. எனவே பெட்டியில் டி4 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

முடிவு இப்படி எடுப்பேன். வீட்டில் ஏற்கெனவே டிடிஆர்4 ராம் இருக்கிறது, பட்ஜெட் இறுக்கம், ஐந்து வருடம் கையே வைக்க மாட்டேன் என்றால் ஏஎம்4. 2017இல் கடைக்கு வந்த அந்த சாக்கெட்டுக்கு 2024இலும் புது ப்ராசசர் விட்டார்கள், லேசில் சாகிற சாக்கெட் இல்லை. இரண்டு வருடத்தில் ப்ராசசரை மட்டும் மாற்றுவேன் என்றால் ஏஎம்5. 2027 வரையாவது அதைத் தாங்குவோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. எல்ஜிஏ1700 14ஆம் தலைமுறையோடு வழி முடிந்த சாக்கெட். தெரிந்தே வாங்கினால் தப்பில்லை.

2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தில் டிடிஆர்5 வாங்கப் போய் வெறும் கையோடு திரும்பியவர்கள் பலர். எனவே போர்டு விலையை மட்டும் பார்க்காமல் போர்டும் ராமும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

ஏஎம்5 போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாலு ஸ்லாட் இருக்கிறதே என்று நாலையும் நிரப்பாதீர்கள். 7000 வரிசை ரைசனில் இரண்டு ராம் குச்சி போட்டால் ஏஎம்டி உறுதி தருகிற ராம் வேகம் 5200, நாலு போட்டால் 3600. இரண்டு பெரிய குச்சிதான் நல்லது. ப்ராசசரில் இருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடுங்கள்.

எம்.கே.பி. நகர்: ரிச்சி தெருவில் ஐ7 இரண்டாம் தலைமுறை, புது எச்61 போர்டு, 16 ஜிபி ராம், எல்லாம் சேர்த்து அடிமட்ட விலைக்குத் தருகிறார்கள். எடுக்கலாமா தலைவா?

பில் போடவும் ஸ்கூல் பிள்ளைக்கு டைப்பிங் பழகவும் என்றால் எடுக்கலாம். உங்கள் வேலைக்கு வேண்டாம். பேர் தெரியாத கம்பெனி புதிதாகச் செய்த போர்டு, ஆனால் மேலே இருப்பது 2011 காலத்துச் சிப்செட். ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி கேபிள் செருகும் சாட்டாவின் வேகம் 3 ஜிபிட்டோடு நிற்கும், எஸ்எஸ்டி போட்டாலும் பாதி வேகம்தான். அந்த ப்ராசசரில் ஏவிஎக்ஸ்2 (கணக்கை வேகமாகப் போட உதவும் கட்டளைத் தொகுப்பு) கிடையாது, அது 2013இல் நாலாம் தலைமுறையில்தான் வந்தது. இப்போதைய சில கேம்களும் எடிட்டிங் சாஃப்ட்வேர்களும் அது இல்லாமல் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓடு கதவைச் சாத்திவிட்டது. விண்டோஸ் 11 இந்த போர்டில் முறையாக ஏறாது. எப்படியோ ஏற்றினாலும் வாலரன்ட் கேம் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்டு வெளியே தள்ளும்.

புது போர்டிலும் வாலரன்ட் திறக்கவில்லை என்று வருகிறார்கள். பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டுக்கே உரிய மென்பொருள்) ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம், இன்டெல் என்றால் பிடிடி, கூடவே செக்யூர் பூட், இவற்றை ஆன் செய்யுங்கள். மூன்று நிமிட வேலை, யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். எனக்கும்.

காசிமேடு: எங்கள் வீட்டில் எந்த போர்டும் இரண்டு வருடம் தாண்டுவதில்லை. உப்புக்காத்துதான் காரணமா? அதற்கென்று தனி போர்டு உண்டா?

காரணம் அதுதான். உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கூடவே தூசி சேர்ந்தால் போர்டு மேல் மெல்லிய ஈரப்படலம் உட்கார்ந்துவிடும், செம்பு அரிக்க ஆரம்பிக்கும். உங்கள் பக்கத்துப் போர்டைத் திறந்தால் திருகாணி ஓரத்தில் பச்சைப் பூச்சு, பின்பக்க யூஎஸ்பி தகரத்தில் செந்துரு. காலையில் டிஸ்பிளே வராது, ராமைக் கழற்றிப் போட்டால் வரும், நாலு நாள் கழித்து மறுபடி போகும். எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் உப்போடு சாம்பல் தூளும் சேர்ந்துகொள்ளும்.

தனி போர்டு தேடாதீர்கள். கேபினெட்டைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். முன்பக்கம் தூசி வலை இருக்கிற கேபினெட் வாங்குங்கள். தினம் கொஞ்ச நேரமாவது ஓட்டுங்கள். அந்தச் சூட்டில் ஈரம் காயும். வாரக்கணக்கில் அணைத்து வைத்த மெஷின்தான் முதலில் துருப்பிடிக்கும்.

ராம் கழற்றினால் பள்ளிக்கூட வெள்ளை ரப்பரால் தங்க நிறக் கோடுகளை மெதுவாக, ஒரே திசையில் நாலு தடவை தேயுங்கள். ரப்பர் கருப்பாகும், கோடு பளிச்சென்று வரும். அழுத்தித் தேய்த்தால் தங்கமும் போய்விடும், அது அவ்வளவு மெல்லிசு. தேய்த்த தூளை ஸ்லாட்டுக்குள் விழ விடாதீர்கள். அரித்த போர்டைப் பொதுவாக வாரண்டியில் எடுக்க மாட்டார்கள், ஆகவே உங்கள் பக்கத்துக்காரர்கள் விலை உயர்ந்த போர்டில் பணம் முடக்குவதே எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம், கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு என் கடையில் நனைந்த கேபினெட்டுகள் சுவர் உயரத்துக்கு அடுக்கி இருந்தன. நனைந்தால் ஆன் செய்து பார்க்கவே கூடாது. முதலில் பிளக்கைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரியைக் கழற்றுங்கள். கரண்ட் இல்லாவிட்டாலும் அந்த 3 வோல்ட் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டை: கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. போர்டு ஷார்ட்டா?

அநேகமாக போர்டில் குறையில்லை, வீட்டில் எர்த் இல்லாததுதான் காரணம். எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் லைனையும் நியூட்ரலையும் தகர உடம்போடு சேர்த்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் கேபினெட் 230 வோல்ட்டில் பாதியில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று மட்டும் தெரியும். ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் போர்ட் பொசுங்க வாய்ப்புண்டு. பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், தடித்த துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள்.

திருவொற்றியூர், ஒரு அம்மா: பையன் லைட் எரிகிற கேமிங் போர்டுதான் வேண்டும் என்று சாப்பிடாமல் இருக்கிறான். சாதா போர்டில் கேம் ஓடாதாமே?

ஓடும்மா. அந்த லைட்டுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. லைட்தான் வேண்டும் என்றால் சில நூறு ரூபாய் லைட் பட்டை வாங்கி கேபினெட்டுக்குள் ஒட்டிக்கொள்ளலாம். பையனைக் கடைக்கு அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.

ராயபுரம், கானா பாட்டு வீடியோ செய்பவர்: ஐ5-12400எஃப் வாங்கினேன். போர்டில் எச்டிஎம்ஐ இருக்கிறது, படம் வரவில்லை. போர்டு போச்சா?

அந்த எஃப்தான் விஷயம். எஃப் என்றால் ப்ராசசருக்குள் கிராபிக்ஸ் இல்லை, போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ சும்மா ஓட்டை. கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள், வரும்.

எடிட் செய்கிறவர்கள் எஃப் வாங்கும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். இப்போதைய கேமராக்கள் பல 4:2:2 10 பிட் எச்.265 என்ற, நிற விவரம் அதிகமுள்ள வீடியோ வகையில் பதிவு செய்கின்றன. டைம்லைனில் இழுத்தால் முக்கும். எஃப் இல்லாத 12ஆம் தலைமுறை இன்டெலில் இருக்கும் குவிக் சிங்க் (வீடியோவுக்கென்றே உள்ள பகுதி) அதைச் சுலபமாகப் பிரிக்கும். என்விடியா கிராபிக்ஸ் கார்டில் இந்த வசதி ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. உங்கள் கேமரா அந்த வகை என்றால் எஃப் இல்லாததை வாங்குங்கள். போனில் எடுத்த வீடியோ என்றால் பெரும்பாலும் கவலையில்லை.

மணலி: பி550 போர்டு வாங்கினேன், பிசிஐஇ 4.0 என்று பெட்டியில் இருக்கிறது, 3.0தான் காட்டுகிறது. இரண்டாவது எம்.2 போட்டதும் ஹார்ட் டிஸ்க்கும் காணவில்லை.

முதல் கேள்விக்கு, உங்கள் ப்ராசசர் 5500ஆ, 5600ஜியா? இரண்டும் 3.0தான். போர்டு கொடுத்தாலும் அவை வாங்காது. பெரிய நஷ்டமில்லை, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நாலே லேன் (தரவு போகும் பாதை) உள்ள கிராபிக்ஸ் கார்டு தவிர. அதை 3.0இல் போட்டால் நன்றாகவே அடி விழும்.

இரண்டாவதற்கு, பல போர்டுகளில் இரண்டாவது எம்.2வும் இரண்டு சாட்டா போர்ட்டும் ஒரே பாதை. ஒன்று வந்தால் மற்றது அணையும். கையேட்டில் பொடி எழுத்தில் இருக்கும். கேபிளை வேறு சாட்டாவுக்கு மாற்றுங்கள்.

புளியந்தோப்பு: வைஃபை உள்ள போர்டு வாங்கலாமா?

விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் சரி. இல்லாவிட்டால் பிறகு கார்டு போட்டுக்கொள்ளலாம். கேமுக்குக் கேபிளே மேல்.

தண்டையார்பேட்டை: கடையில் போர்டு வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதலில் பயாஸ். பி660 போர்டில் 14ஆம் தலைமுறை ப்ராசசர், பழைய பி450இல் 5600, இப்படிச் சேர்த்தால் பயாஸ் புதுப்பிக்காமல் டிஸ்பிளே வராமல் போகலாம். அங்கேயே செய்து தரச் சொல்லுங்கள், அல்லது ப்ராசசர் இல்லாமலே பென்டிரைவில் ஏற்றுகிற பயாஸ் பட்டன் உள்ள போர்டாக வாங்குங்கள். சீரியல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன் சாக்கெட்டைப் பாருங்கள். இன்டெல், ஏஎம்5 இரண்டிலும் ஊசிகள் போர்டில்தான் இருக்கும். கருப்பு பிளாஸ்டிக் மூடியைத் திறந்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். கோலப்புள்ளி மாதிரி எல்லாம் ஒரே வரிசையில் மின்ன வேண்டும். ஒரு இடத்தில் வெளிச்சம் வேறு மாதிரி அடித்தால் அங்கே ஊசி வளைந்திருக்கிறது, வேறு பெட்டி கேளுங்கள். கடையைத் தாண்டிவிட்டால் வளைத்தது நீங்கள்தான் என்பார்கள். அந்த பிளாஸ்டிக் மூடியையும் தூக்கிப் போடாமல் பெட்டியில் வையுங்கள், வாரண்டிக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.