பதினெட்டு நாள் காட்டு நடைக்குச் சைவச் சாப்பாடு: எதைச் சுமப்பது, எங்கே வாங்குவது?

கேள்வி: அட்லாண்டா புறநகரில் இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்தில் நானும் கணவரும் அப்பலாச்சியன் டிரெயிலில் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து ஃபோன்டானா அணை வரை நடக்கப்போகிறோம். பதினெட்டு நாள் திட்டம். இருவரும் சைவம், முட்டையும் கிடையாது. பொன்னி அரிசி, துவரம்பருப்பு, சின்ன குக்கர், கேஸ் அடுப்பு, ரெடி டு ஈட் பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் கட்டிப் பார்த்தால் சாப்பாட்டு எடை மட்டும் ஆளுக்கு 13 கிலோ வருகிறது. எதைக் குறைப்பது?

பதில்: குறைக்க வேண்டியது சாமானை அல்ல, நாளை. பதினெட்டு நாள் சாப்பாட்டை யாரும் முதுகில் ஏற்றுவதில்லை. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை பதினான்கு மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் போகும் பாதை இது. ஆனாலும் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏதாவதொரு தார்ச்சாலையைக் குறுக்கே கடந்துவிடும், அந்தச் சாலையின் ஒரு முனையில் ஊர் இருக்கும். ஒரு சாலையிலிருந்து அடுத்த சாலை வரைக்கான சாப்பாடுதான் உங்கள் கணக்கு.

நீங்கள் நடக்கப்போகும் தூரம் சுமார் 265 கிலோமீட்டர். அதை ஐந்து துண்டாக வெட்டுங்கள். ஸ்பிரிங்கரிலிருந்து நீல் கேப் வரை 50 கிலோமீட்டர், நான்கு நாள். (கேப் என்று இங்கே சொல்வது கணவாயை.) நீல் கேப்பிலிருந்து டிக்ஸ் கிரீக் கேப் வரை 61, நான்கு நாள். அங்கிருந்து வைண்டிங் ஸ்டேர் கேப் வரை 65, நான்கு நாள். பிறகு நான்டஹாலா ஆற்றங்கரை வரை 44, கடைசியாக ஃபோன்டானா வரை 46, தலா மூன்று நாள். ஆக, ஒரே நேரத்தில் தோளில் ஏறுவது அதிகபட்சம் நான்கு நாள் சாப்பாடும் கையிருப்பாக ஒரு வேளையும்தான். நாளுக்கு 750 கிராம் என்று வைத்தால் ஆளுக்கு மூன்றேகால் கிலோ. பதின்மூன்று எங்கே, மூன்றேகால் எங்கே!

அந்த 750 கிராமுக்குள் சுமார் 3,000 கலோரி அடங்க வேண்டும். உடல்வாகு சிறியதென்றால் 2,500 போதும். உங்கள் மூட்டை தோற்பது இங்கேதான். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. காட்டுக்குப் போகும் சாப்பாடு சராசரியாகக் கிராமுக்கு 4-க்கு மேல் தர வேண்டும். அவல், ரவை, அரிசி எல்லாம் மூன்றரை அளவில் நிற்கும். நிலக்கடலை, முந்திரி, பாதாம் ஆறுக்குப் பக்கத்தில். நெய்யும் நல்லெண்ணெயும் ஒன்பதுக்குப் பக்கத்தில். ரெடி டு ஈட் பாக்கெட்டில் பாதிக்கு மேல் தண்ணீர், கிராமுக்கு ஒரு கலோரி சொச்சம்தான் தேறும். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி மலையேற்றுவது போல. ஆசையாக இருந்தால் முதல் ராத்திரிக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், மீதியை வீட்டிலேயே வையுங்கள்.

அரிசி பருப்பையும் விட்டுவிடச் சொல்வது எடைக்காக மட்டுமல்ல, எரிவாயுவுக்காகவும். அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க 7 அல்லது 8 கிராம் வாயு செலவாகும், காற்றும் குளிரும் இருந்தால் 10 கிராம். துவரம்பருப்பை அரை மணி நேரம் வேகவிட்டால் அடுப்பைத் தணித்து வைத்தாலும் 30 கிராமுக்கு மேல் போய்விடும். 100 கிராம் கேன் மூன்று பருப்புக் குழம்போடு தீர்ந்தது என்று அர்த்தம். உங்கள் பாதையில் ஸ்டாண்டிங் இந்தியன் மலை 1,676 மீட்டர். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும், மூடி போட்டாலும் பருப்பு வேக மனம் வைக்காது. குக்கர் இருந்தால் வேகும்தான், ஆனால் அதுவே ஒரு கிலோவுக்கு மேல்.

அதனால் ஒரே விதி: கொதிநீர் ஊற்றி மூடினால் தானே வெந்துவிடுகிற பொருள் மட்டும் பையில் ஏறட்டும். நம் அலமாரியில் அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன, வெள்ளைக்காரர்கள் பாக்கெட்டுக்குப் பத்து டாலர் கொடுத்து வாங்குவதை நம் பாட்டிமார் எப்போதோ செய்துவிட்டார்கள். அவல் ஏற்கெனவே வெந்தது. பருப்புப்பொடியில் பருப்பு வறுபட்டுவிட்டது, வேகவைக்க வேண்டியதில்லை. புளிக்காய்ச்சல் எண்ணெய் தெளியும் வரை சுண்டியது, வெளியே வைத்தாலும் கெடாது. சோற்றுக்குப் பதில் கூஸ்கூஸ் வாங்குங்கள். கோதுமை ரவையை உருட்டி ஆவியில் வேகவைத்துக் காயவைத்தது அது, உப்புமா சாப்பிடுகிறவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. 100 கிராமுக்கு 150 மில்லி கொதிநீர், துண்டில் சுற்றி ஏழு நிமிடம், அவ்வளவுதான். கூஸ்கூஸ் பிடிக்காவிட்டால் வேகவைத்து உலர்த்திய இன்ஸ்டன்ட் அரிசி எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் உண்டு. சாதா ரவையை நெய்யில் வறுத்துக் கொண்டுபோகலாம், ஆனால் அடுப்பின் மேல் இரண்டு மூன்று நிமிடம் கிளறியாக வேண்டும், மெல்லிய டைட்டானியம் பாத்திரத்தில் அடி பிடிக்கும், பிறகு அதைக் கழுவுகிற பாடு தனி.

ஒருவருக்கு ஒரு நாள் அளவு இப்படி அமையலாம். காலையில் அவல் 80 கிராம், முழுக்கொழுப்புப் பால்பவுடர் 30, நாட்டுச்சர்க்கரை 20, முந்திரி திராட்சை 20. கெட்டி அவலானால் கொதிநீர், மெல்லிய அவலுக்குப் பச்சைத் தண்ணீரே போதும். நடந்துகொண்டே கொறிக்கக் கடலை, பாதாம் 80 கிராம், பேரீச்சை 40. மதியம் அடுப்பைத் தொடவே வேண்டாம்: பெரிய டோர்ட்டியா (மெக்சிகோ பாணிச் சப்பாத்தி) இரண்டு, அதாவது 140 கிராம், பீனட் பட்டர் 60 கிராம். சாயங்காலம் களைப்பு தட்டும்போது கடலைமிட்டாய் 50 கிராம். இரவு கூஸ்கூஸ் 100, பருப்புப்பொடி 40, நெய் 25, புளிக்காய்ச்சல் 30. மொத்தம் 715 கிராம், 3,000 கலோரியைத் தொட்டுவிடும். மிச்ச எடை காப்பித்தூளுக்கும் ஊறுகாய்க்கும். ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள். நெய், எண்ணெய், புளிக்காய்ச்சல் மூன்றும் ஜிப்லாக் பையின் ஓரத்தில் கசியும். திருகுமூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, அந்த டப்பாவை ஜிப்லாக்கில் போடுங்கள். வீட்டுச் சப்பாத்தி இரண்டாம் மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கும், டோர்ட்டியா அந்த நான்கு நாளைத் தாங்கும்.

முதல் நான்கைந்து நாள் பசி எடுக்காது. உடம்பு அலுத்திருக்கும், கொண்டுவந்ததில் பாதி மிஞ்சும். உடனே அடுத்த ஊரில் குறைத்து வாங்கத் தோன்றும். வாங்கிவிடாதீர்கள்: இரண்டாம் வாரத்தில் பசி ஆளைத் தின்னும். முதல் துண்டுக்கு நாளுக்கு 600 கிராம், மூன்றாம் துண்டிலிருந்து 850 என்று மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. இனிப்பு மட்டும் கொண்டுபோகிறவர்களுக்கு ஐந்தாம் நாளே நாக்கு செத்துவிடும். அந்த வகையில் காரப்பொடிக்காரர்களுக்கு அதிர்ஷ்டம்தான்.

இனி ஊர்கள். நீல் கேப்பில் பாதை ஒரு கல் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து வெளியே வரும். அங்கே நடைச்சாமான் கடை உண்டு, வாயு கேன் கிடைக்கும், சாப்பாட்டுச் சாமான் கொஞ்சமாக, விலை கூடுதலாக. உங்களுக்கு அட்லாண்டாவிலிருந்து காரில் எட்டுகிற இடம் என்பதால், பெட்டியை முன்கூட்டி வைத்துவிட்டு வரலாமா என்று கடைக்குப் போன் போட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் நண்பர் யாரையாவது அந்த நாளில் வரச்சொல்லுங்கள். டிக்ஸ் கிரீக் கேப்பிலிருந்து ஹையவாசி 18 கிலோமீட்டர், வைண்டிங் ஸ்டேர் கேப்பிலிருந்து ஃபிராங்க்ளின் 16. இரண்டிலும் முழு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. சீசனில் விடுதிக்காரர்கள் வண்டி விடுவார்கள், முந்தின நாளே பேசி வையுங்கள். நான்டஹாலாவில் ஆற்றுப் படகு மையத்தின் கடையும் சாப்பாட்டு இடமும்தான். ஆகவே ஃபிராங்க்ளினிலேயே ஆறு நாளுக்கு வாங்கிவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். நான்டஹாலாவிலிருந்து புறப்பட்டவுடன் சியோவா பால்ட் உச்சி வரை ஒரே மூச்சாக ஆயிரம் மீட்டர் ஏற்றம். அந்த ஏற்றத்துக்கு முன் ஒரு வேளை சூடாகச் சாப்பிட அங்கே இடம் இருக்கிறது. கொறிப்பு வகையறாவை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், இரவுச் சாப்பாட்டுப் பொட்டலங்களை மட்டும் ஃபிராங்க்ளினிலிருந்து ஆறு நாளுக்குக் கொண்டுவாருங்கள்.

ஹையவாசியிலோ ஃபிராங்க்ளினிலோ அவலும் பருப்புப்பொடியும் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். கடையில் கிடைக்காத இவற்றை மட்டும் ஒரு சின்னப் பெட்டியில் கட்டி, ஃபிராங்க்ளின் தபால் நிலையத்துக்கு ஜெனரல் டெலிவரி (நேரில் போய் வாங்கிக்கொள்ளும் தபால்) என்று அனுப்புங்கள். மேலே எழுத வேண்டியவை: ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடியே உங்கள் பெயர், ஃபிராங்க்ளின் என்ற ஊர்ப்பெயர், அதன் ஜிப் எண், நீங்கள் வந்துசேரும் உத்தேசத் தேதி. முப்பது நாள் வரை வைத்திருப்பார்கள். டோர்ட்டியா, கடலை, பீனட் பட்டர் எல்லாம் அங்கேயே வாங்கலாம், அவற்றுக்குத் தபால் செலவு தண்டம். சனிக்கிழமை சீக்கிரமே மூடி ஞாயிறு திறக்காத தபால் நிலையத்தால்தான் பலருடைய திட்டம் கெடுகிறது. பெட்டியை வாங்கும் நாள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் விழும்படி புறப்படும் தேதியை நகர்த்துங்கள். வாயு கேனைப் பெட்டியில் போடாதீர்கள், தபாலில் அதற்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. இருவருக்கும் காலை இரவு சேர்த்து நாளுக்குச் சுமார் 1.7 லிட்டர் கொதிநீர், 25 முதல் 30 கிராம் வாயு. 230 கிராம் கேன் ஒன்று ஏழெட்டு நாள் வரும்.

சைவர்கள் ஊர்க்கடையில் ஏமாறுகிற இடங்கள் சில. ராமென் நூடுல்ஸின் மசாலாத்தூளில் கோழியோ மாடோ இருக்கலாம். தூளை எறிந்துவிட்டு உங்கள் பொடியைப் போடுங்கள். பாக்கெட் அரிசிக் கலவைகளில் கோழிச்சாறு, டப்பா பீன்ஸ் மசியலிலும் சில டோர்ட்டியாக்களிலும் பன்றிக்கொழுப்பு, மார்ஷ்மெல்லோவிலும் மெல்லும் மிட்டாயிலும் ஜெலட்டின். ‘வெஜிடபிள்’ என்று முன்பக்கம் எழுதியிருப்பதை நம்பாமல் பின்பக்கத்தைப் படியுங்கள்.

கரடி விஷயம். இங்கே இருப்பது கருங்கரடி. உங்களைவிட உங்கள் பெருங்காய டப்பாவின் மேல்தான் அதற்குக் கண். ஜாரர்ட் கேப்புக்கும் நீல் கேப்புக்கும் நடுவே மார்ச் 1 முதல் ஜூன் 1 வரை இரவு தங்குவதானால் கரடி உடைக்க முடியாத சாப்பாட்டு டப்பா, அதாவது கேனிஸ்டர், கட்டாயம். அதைச் சுமக்க விருப்பமில்லையென்றால் முந்தின இரவை ஜாரர்ட் கேப்புக்கு முன்னாலேயே வரும் லான்ஸ் கிரீக்கில் கழித்து, மறுநாள் பிளட் மலையைத் தாண்டி 11 கிலோமீட்டர் நடந்து நீல் கேப்பில் இறங்கிவிடலாம். சட்டத்துக்கு அது போதும், ஆனால் முழுப் பயணத்துக்கும் ஆளுக்கொன்று சுமப்பதே சரி. 7.2 லிட்டர் கேனிஸ்டர் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, நான்கு நாள் சாப்பாடு அடங்கும், அவலை அமுக்கிக் காற்றை வெளியேற்றினால். பற்பசை, உதட்டுக்களிம்பு, காலிப் பொட்டலம், சாப்பாட்டுக் கறை படிந்த துணி எல்லாம் அதற்குள்ளேதான் போக வேண்டும். டென்ட்டிலிருந்து முப்பது மீட்டராவது தள்ளித் தரையில் வையுங்கள், சரிவிலோ ஓடைக்கரையிலோ வேண்டாம், உருட்டிவிட்டால் போய்விடும். டென்ட்டுக்குள் சமையலோ சாப்பாடோ கூடாது. பாத்திரம் கழுவிய நீரில் மிதக்கிற பருக்கையை வடித்துக் குப்பைப் பையில் போடுங்கள், நீரை ஓடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி வீசித் தெளித்துவிடுங்கள். புளிக்காய்ச்சல் ஒட்டிய பாத்திரத்தில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி ரசம் போலக் குடித்துவிடுவதே எல்லாவற்றிலும் சுலபம்.

தண்ணீருக்கு ஃபில்டர் வையுங்கள், கொதிக்கவைத்துக் குடித்தால் வாயு தாங்காது. ஏப்ரல் இரவுகளில் மலைமேல் உறைபனி விழும். நுண்குழாய் ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் உள்ளே விரிசல் விட்டுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. இரவில் அதை ஜிப்லாக்கில் போட்டுத் தூங்கும் பைக்குள், காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். வாயு கேனும் அதே இடத்துக்கு வரட்டும், குளிர்ந்த கேன் காலைக் காப்பிக்குச் சீறாது.

புறப்படும் முன் ஒரு சனிக்கிழமை வீட்டின் பின்புறத்தில் இதே அடுப்பு, இதே பாத்திரத்தோடு ஒரு முழு நாள் சாப்பாட்டைச் செய்து சாப்பிட்டுப் பாருங்கள். சமைப்பதற்கு முன்னும் பின்னும் கேனைச் சமையலறைத் தராசில் வைத்தால் உங்கள் அடுப்புக்கு எத்தனை கிராம் என்பது தெரிந்துவிடும். பொடியில் உப்பு குறைவென்றாலும் அன்றைக்கே தெரியும். வியர்த்து நடக்கிற உடம்புக்கு வீட்டு அளவைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டு அரையுங்கள்.